கை தூக்காதவர்

வலி என்று இதைச் சொல்ல முடியாது. இறுக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம். சட்டைக்குள்ளே இன்னொரு சட்டை, ஒரு அளவு சிறியது, பொத்தானெல்லாம் மாட்டிப் போட்டுக்கொண்டதுபோல. படி ஏறி வந்ததுதான் காரணமாக இருக்கும். கீழே லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தேன், கதவும் திறந்தது, அதற்குள் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், விலகினேன். அடுத்த முறை கைக்குழந்தையோடு ஒரு பெண். அதற்கடுத்த முறை சாப்பாட்டுத் தள்ளுவண்டி. சாப்பாட்டுத் தள்ளுவண்டிக்கு வழிவிட்டு நின்ற நோயாளி இந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வண்டியைத் தள்ளிய ஆள்கூட, "நீங்களும் ஏறுங்க பெரியவரே, எடமிருக்குது" என்றான். "இருக்கட்டும்ப்பா, நீ போ" என்றேன். இதய நோய்க்காரர்கள் காத்திருக்கும் இடத்தை இரண்டாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செல்போனில் ஏதோ பார்ப்பவன்போல நின்றேன். மூச்சு வாங்குவதை யாரும் பார்த்துவிடக்கூடாது. இப்போது உட்கார்ந்தாயிற்று. உட்கார்ந்தால் சரியாகிவிட வேண்டும். சரியாகிக்கொண்டுதான் இருக்கிறது. இல்லை, அப்படியேதான் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் போய்விடும். கவனிக்கக்கூடாது என்று நினைக்க நினைக்க மனசு அங்கேயே போய் நிற்கிறது, பாம்பு நுழைந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பவன்போல.

எதிரே மேசையில் ஒரு நர்ஸ் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நாலைந்து எட்டு எடுத்து வைத்தால் அவள் மேசை. சிஸ்டர், எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொன்னால் போதும். சுவரில் டோக்கன் எண் சிவப்பாக எரிகிறது, என் எண்ணுக்கு இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களும் என்னைப்போல நெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான், அவர்களையெல்லாம் தாண்டி நான் எப்படிப் போவது. சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறது. ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது, எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று கொடுத்தது. எடுத்து வாயில் போட ஒரு நொடி ஆகாது. ஆனால் போட்டால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். என்னங்க என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டிவரும். மாத்திரை போடுவதும் சொல்வதும் ஒன்றுதான். சொல்லிவிட்டால் அப்புறம் அது நிஜமாகிவிடும். இப்போதைக்கு இது என் சட்டைக்குள் இருக்கிற விஷயம்.

காலையில் பல் விளக்கும்போதே லேசாக இருந்தது. மகள் பூங்கொடியிடம் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கணபதியில் இருக்கிற வீட்டிலிருந்து இங்கே வருகிறவரைக்கும் அவள் முதுகுதான் என் முன்னால் இருந்தது, சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அப்பா, நானும் உள்ள வரட்டுமா?" என்றாள். "எதுக்கு? வழக்கமாப் பாக்கறதுதான. மில்லுல ஆடிட் நடக்குதுன்னு சொன்னீல்ல, நீ போ கண்ணு" என்றேன். அவள் போகவில்லை. "டாக்டர்கிட்ட ஒண்ணுவிடாமச் சொல்லோணும். பரவால்லைங்க, நல்லாருக்கறேனுங்கன்னு சொல்லிட்டு வந்தறக் கூடாது. உங்களத்தான் சொல்றேன், காதுல விழுகுதா?" "விழுகுது, விழுகுது." "என்ன விழுந்துச்சு, சொல்லுங்க பாக்கலாம்." ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டாள். ஒண்ணுவிடாமச் சொல்லோணும் என்று நானும் ஒப்பித்தேன். அப்புறம்தான் வண்டியை எடுத்தாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் இருந்தது வேறு. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில் இருப்பவர் உரக்கப் பேசுகிறார். மயில்சாமியாம், போர்வெல் வண்டி வைத்திருக்கிறாராம், வந்து உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டார். "அண்ணனுக்கு என்ன, பைபாஸா, ஸ்டென்ட்டா?" என்று எந்த ஊர் என்று கேட்பதுபோலக் கேட்டார். "ஸ்டென்ட்டுங்க." "எனக்குப் பைபாஸு" என்றார், அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம், தலையைத் திருப்பாமலே, "ஆப்பரேசன் டேபிள்ல படுத்துட்டு, எப்பங்க முடியும், வண்டி நிக்குதுன்னு டாக்டரையே அவசரப்படுத்துன ஆளுங்க இவரு" என்றார். "நீ சும்மா இரு" என்றார் மயில்சாமி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது போனில் எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். "என்னது, இன்னும் தண்ணியில்லாம வெறும் புகைதான் வருதா? நிறுத்தீராத. இன்னும் ரண்டு ராடு எறக்கு. அந்தத் தோட்டத்துக்காரர் மொகத்துல நான் எப்படி முழிக்கறது?" போனை வைக்கிறார், எழுந்து நர்ஸ் மேசைக்குப் போகிறார். "ஏம்மா, அந்த நம்பர் அங்கியே நிக்குது, மிசினு கெட்டுப்போச்சா?" "டாக்டர் உள்ள எக்கோ பாத்துட்டிருக்காருங்கண்ணா. உக்காருங்க, பிரஷர் ஏறிக்கும்." "ஏற வேண்டியதெல்லாம் எப்பவோ ஏறிருச்சு தாயி." அந்த நாலைந்து எட்டை அவர் எவ்வளவு சுலபமாக எடுத்து வைக்கிறார். டோக்கன் மெஷினைப் பற்றிக் கேட்பதற்காக. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மனிதனுக்கு எதற்கெல்லாம் பொறாமை வரும் என்று கணக்கே இல்லை.

ஸ்டென்ட் வைத்த புதிதில் இதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்து ஹாலில் எங்களையெல்லாம் உட்காரவைத்து ஒரு பெண் பேசினாள். மனநல ஆலோசகர் என்றார்கள். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருந்தாள், எங்களைப் பார்த்துப் பயப்படாமல் சிரித்தாள். முன்னொரு காலத்தில் டாக்டர்கள், ஆத்திரக்காரர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும்தான் மாரடைப்பு வரும் என்று பிரித்து வைத்திருந்தார்கள், அப்புறம் நிறையப் பேரைப் பார்த்தபோது அது அவ்வளவு லேசான கணக்கு இல்லை என்று தெரிந்தது, சர்க்கரையும் கொழுப்பும் பீடியும் குணம் பார்த்து வருவதில்லை, ஆனாலும் நம்முடைய குணம் நமக்குத் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் நோய் வந்தபிறகு நாம் என்ன செய்வோம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் விளையாட்டுப்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். பஸ் வருவதற்கு முன்னால் ரோட்டுக்கு இறங்கி எட்டிப் பார்ப்பவர்கள் யார்? பாதிப் பேர் கை தூக்கினார்கள். அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் அவர் வாக்கியத்தை நாமே முடித்துவைப்பவர்கள்? கேள்வி முடிவதற்குள்ளாகவே கைகள் மேலே போய்விட்டன, ஹால் முழுக்கச் சிரித்தது. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டே சண்டை போடுபவர்கள்? ஒரு கிழவரின் கையை அவர் மனைவி பிடித்துத் தூக்கிவிட்டாள். கடைசியாகக் கேட்டாள், மனசுக்குள் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்பவர்கள் யார்? ஒரு கைகூட எழவில்லை. அவள் காத்திருந்தாள். அப்புறம் மெதுவாகச் சிரித்துக்கொண்டு, "அவங்க எப்படித் தூக்குவாங்க?" என்றாள். எனக்குப் பின்கழுத்து சூடாகிவிட்டது. கைகள் இரண்டும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, மேலே இருந்த கை கீழே இருந்த கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு அவள் விட்டுவிட்டாள், யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்காகவே அவளை நினைத்துக்கொள்வேன்.

இடது தோளில் ஏதோ இழுக்கிறது. காலையில் பையை அந்தத் தோளில் மாட்டியிருந்தேன், அதனால் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் என் கைவசம் இருக்கிறது. முதல் தடவை மாரடைப்பு வந்தபோதும் அப்படித்தான். மோட்டார் வைண்டிங் என்னுடைய தொழில், யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை, எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன், மாவு மில்லுக்காரர் ஒருவருடைய மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் இறக்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்ததுபோல இருந்தது. கேஸ் என்று முடிவு செய்தேன். எங்கள் வீடுகளில் நெஞ்சு வலி என்று ஒன்றே கிடையாது, இருப்பதெல்லாம் கேஸ். பக்கத்துக் கடையில் ஓமத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே மிச்சக் காயிலையும் இறக்கி, நூல் கட்டி முடித்தேன். மாவு மில்லுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க சென்னியப்பண்ணா, சட்டையெல்லாம் இப்படி நனைஞ்சு கெடக்குது?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, மோட்டாரு ரெடி" என்றேன். அவர் மோட்டாரை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓமத்தண்ணீரில் நின்றுவிடும் என்று அறியாமல் நம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்தே குடித்தேன். தெய்வானை போய் அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது.

தெய்வானை என் மனைவி. பேச்சுக்காரி. முட்டி வலி, இடுப்பு வலி, பால்காரன் தண்ணீர் ஊற்றுவது, தலையணை கெட்டியாக இருப்பது, எல்லாம் தெருவுக்கே தெரியும். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். எங்கள் வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது என்று எனக்குப் பிடிக்காததை எனக்கு முன்னாலேயே ஊருக்குச் சொல்லுவாள், எனக்கு வசதியாகத்தான் இருந்தது. பூங்கொடியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காலையிலிருந்தே அவளுக்கு நெஞ்சைப் பிசைந்திருக்கிறது. ஒப்புட்டுப் போளிக்கு மாவு பிசைந்துகொண்டே பக்கத்து வீட்டுப் பொம்பளையிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். கேஸாத்தான் இருக்கும் அக்கா, நல்ல காரியம் நடக்கறப்ப வலி கிலின்னு வாய்விட்டுச் சொல்லக்கூடாது, நீயும் சொல்லிராத. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, பூ வைத்து, காரில் ஏறுகிறவரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றாள். கார் தெருமுனை திரும்பியதும் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாழ்நாளெல்லாம் சின்னச் சின்ன வலியையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் பெரியதை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். அப்படியென்றால் குணம் என்று எதைச் சொல்வது? அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் இதைக் கேட்டிருக்கலாம். பேசுகிறவர்கள் பேசாதவர்கள் என்று ஆட்களைப் பிரிக்க முடியாதா அம்மா, ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு வாசல் அடைத்தே கிடக்கிறதா? கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொம்பளை காரியமெல்லாம் முடிந்தபிறகு வந்து அழுதாள். பூங்கொடி அப்போது அறைக்குள் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். ஒண்ணுவிடாமச் சொல்லோணும் என்று இன்றைக்குக் காலையில் வண்டியை எடுக்காமல் நின்றது அந்தப் பிள்ளைதான், தன்னைப் பெண் பார்க்க வந்த நாளிலேயே அம்மாவைக் கொடுத்த பிள்ளை.

"ஏனுங்க, இப்படி வேர்க்குது உங்களுக்கு?" மயில்சாமிதான். மேலுதட்டைத் துடைத்துப் பார்க்கிறேன், ஈரம். ஏசி போட்டிருக்கிற ஹால். இதோ கேட்டுவிட்டார். நானாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும், இவ்வளவு சுலபமாக யாருக்கும் அமையாது. "ஒண்ணுமில்லைங்க, படியேறி வந்தேன்" என்கிறது என் வாய். நான் யோசிக்கவே இல்லை, அதுவாகவே சொல்கிறது. "படியா? லிஃப்ட் இருக்குதுல்ல?" "ஆளுங்க நின்னாங்க." "நல்ல ஆளுங்க நீங்க. ஆளுங்க நின்னா நடுவுல பூந்து ஏறோணும்" என்கிறார், சிரிக்கிறார், அதற்குள் அவர் போன் அடிக்கிறது, திரும்பிக்கொள்கிறார். போயிற்று. கதவு திறந்து மூடிவிட்டது, நான் மறுபடியும் தள்ளுவண்டிக்கு வழிவிட்டு நிற்கிறேன். வலி, சரி, வலி என்றே சொல்லிக்கொள்கிறேன், எனக்குள்தானே, வலி தாடைக்கு வந்திருக்கிறது. கீழ்ப்பல் வரிசையெல்லாம் கூசுகிறது. பயமாக இருக்கிறது. இந்தப் பயம் புதிதாக இருக்கிறது. முதல் தடவை இது இல்லை. அவள் போன பிறகு, இருந்தால் இருக்கிறேன், போனால் போகிறேன் என்று ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன், அதனால்தான் ஓமத்தண்ணீரோ என்னவோ. இப்போது பயமாக இருக்கிறது என்றால் எனக்கு இருக்க வேண்டும்போல இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆமாம். இருக்க வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் பூங்கொடி வீட்டு மாடியில் கால் நீட்டி உட்கார வேண்டும். பேரனுக்கு மேசை விசிறியைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் வைக்கிற உப்பில்லாத ரசத்தைக் குறை சொல்ல வேண்டும், வாய்விட்டு, அவளிடமே. இவ்வளவு ஆசை எங்கே கிடந்தது? இதற்கெல்லாம் ஒரு சொல்தான் குறுக்கே நிற்கிறது, அது தொண்டையில் வந்து திரும்பித் திரும்பிப் போகிறது. எழுந்து நிற்கலாம் என்று பார்க்கிறேன். நாற்காலிக் கையை அழுத்திப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன். நர்ஸ் தலை நிமிர்கிறாள், என்னைத் தாண்டி யாரையோ பார்க்கிறாள், குனிகிறாள்.

"வந்திருச்சா!" என்று மயில்சாமி கத்துகிறார். ஹாலே திரும்பிப் பார்க்கிறது. "எத்தன இஞ்சு? ரண்டரையா? டேய், நல்லாப் பாத்துச் சொல்றா! சாமி!" போனைக் காதில் வைத்தபடியே எழுந்துவிட்டார், அவருக்குச் சந்தோஷத்தை உட்கார்ந்தபடி தாங்க முடியவில்லை, யாரிடமாவது கொடுத்தாக வேண்டும், சம்சாரம் எங்கேயோ எழுந்து போயிருக்கிறார், நான்தான் பக்கத்தில் இருக்கிறேன். என் தோளைப் பிடித்துக் குலுக்குகிறார். "தண்ணி வந்திருச்சுங்க அண்ணா! புகையாப் போயிட்டிருந்த எடத்துல ரண்டரை இஞ்சு தண்ணி!" அந்த முகம் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு திறந்து இருக்கிறது. ரொம்பச் சந்தோஷமுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

"நெஞ்சு வலிக்குதுங்க" என்கிறேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. சிரிப்பு முகத்திலேயே இருக்கிறது. "காலைல இருந்தே வலிக்குதுங்க. இப்பத் தாடைக்கு வந்திருச்சு. பயமா இருக்குதுங்க." என் குரல்தான். என் குரல் இப்படி இருக்குமா? அடுத்த நொடி அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்புகிறார், அப்படி ஒரு சத்தத்தை இந்த ஆஸ்பத்திரி கேட்டிருக்காது. "சிஸ்டர்! ஏம்மா சிஸ்டர்! எழுதுனது போதும் வா! இவருக்கு நெஞ்சு வலிங்கறாரு, நீ டோக்கனக் கட்டிட்டு அழுகற!" நாற்காலிகள் நகர்கின்றன. எனக்கு முன்னால் டோக்கன் வைத்திருந்த எல்லாரும் எழுந்து வழிவிடுகிறார்கள், ஒருத்தர் முகத்திலும் நான் பயந்தது இல்லை, ஒரு அம்மாள் எக்ஸ்ரே கவரால் எனக்கு விசிறுகிறாள், காலை நீட்டியிருந்த ஒருவர் அவசரமாக மடக்கிக்கொள்கிறார். இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை வருஷம்? நர்ஸ் என் பையிலிருந்தே மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைக்கிறாள், சுருக்கென்று இருக்கிறது. "இத்தன நேரம் என்னங்க பண்ணீட்டிருந்தீங்க?" என்று திட்டுகிறாள். திட்டுவது நன்றாக இருக்கிறது. சக்கர நாற்காலி வருகிறது. மயில்சாமியின் சம்சாரம் ஓடிவந்து, "அண்ணா, வீட்டுல ஆருக்குச் சொல்லோணும்?" என்கிறார். ஆடிட் நடக்கிறது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த வாய் மறுபடியும் தயாராகிறது. "எம் மக பூங்கொடிக்குங்க" என்கிறேன் அதற்கு முன்னால். "வலின்னே சொல்லுங்க. வரச்சொல்லுங்க."

உள்ளே குளிராக இருக்கிறது. சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்து நெஞ்சில் ஈசிஜி ஒயர்களை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். மாத்திரையில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மேல் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டதுபோல. டாக்டர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல சொன்னீங்க பெரியவரே, பாத்துக்கலாம்" என்கிறார், நர்ஸிடம் திரும்பி வேகமாக எதையோ சொல்கிறார். மிஷின் பக்கத்தில் நிற்கிற பெண், "எப்ப இருந்துங்கய்யா வலிக்குது?" என்று கேட்கிறாள். எப்ப இருந்து? சொல்கிறேன். பல் விளக்கும்போது. போன வாரம் தண்ணீர்க் கேனைத் தூக்கி வைத்தபோதும் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கும்போது வந்தது, சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன், மொய் எழுதுகிறவர் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். தோளில் பை மாட்டியதால் என்று நினைத்தேன், இல்லை, நினைக்கவில்லை, அப்படி வைத்துக்கொண்டேன். லிஃப்ட் வந்தது, ஏறவில்லை. என் சம்சாரத்துக்கும் இப்படித்தான் அம்மிணி, அவள் ஒப்புட்டு சுட்டுக்கொண்டிருந்தாள், ரொம்ப நன்றாகப் பேசுவாள், அவள் இருந்தால் நீ கேட்கவே வேண்டியதில்லை. இதையெல்லாம் எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, ஒன்றைத் தூக்கினால் அடியில் இன்னொன்று இருக்கிறது. அந்தப் பெண் மிஷினைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி மிஷினைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறாள். என் கையின்மேல் கையை வைத்து அழுத்துகிறாள்.

"ஐயா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க. நீங்க பேசப் பேச கோடு ஆடுது."